லேப்ராஸ்கோப்பியில் கல்லீரல் இடது மடலைத் தூக்கிப் பிடிக்க எது நல்லது: விசிறி, பாம்பு, நேதன்சன், தூக்குத் தையல்?

கேள்வி: அறுவை முதுநிலை மாணவர்

ஹயாட்டஸ் (உணவுக்குழாய் நுழையும் உதரவிதானத் துளை) ஹெர்னியா, ஃபண்டோப்ளிகேஷன் (இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றித் தைப்பது), ஸ்லீவ் (எடை குறைக்க இரைப்பையைக் குறுக்குவது) கேஸ்களில் கல்லீரலின் இடது மடலை ஒதுக்கிப் பிடிப்பது பற்றிய சந்தேகங்கள். தியேட்டரில் இருக்கும் ரிட்ராக்டர்கள் (உறுப்பை ஒதுக்கிப் பிடிக்கும் கருவிகள்) மூன்று: 10 மிமீ ஐந்து விரல் விசிறி, 5 மிமீ பாம்பு வகை, டேபிளில் பூட்டும் கையோடு நேதன்சன் கொக்கி. எந்தக் கல்லீரலுக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்வது எப்படி? நேதன்சனை எந்த இடத்தில் நுழைத்து, எங்கே நிறுத்த வேண்டும்? பிடித்து வைத்த மடல் நழுவி மறுபடி ஹயாட்டஸை மறைப்பதும், ரிட்ராக்டரை எடுத்த பிறகு அடிப்பரப்பில் ரத்தம் கசிவதும் ஏன் நடக்கிறது? மறுநாள் ரத்தத்தில் ஏஎஸ்டி, ஏஎல்டி (கல்லீரல் காயத்தைக் காட்டும் என்சைம்கள்) ஏறியிருந்தால் எப்போது கவலைப்பட வேண்டும்? தனி ரிட்ராக்டரே இல்லாமல் தையலால் தூக்குபவர்களும் இருக்கிறார்கள். அதன் படிகளையும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மேல் வயிற்று அறுவை மருத்துவர்

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். தலைப்பக்கம் உயர்த்தி டேபிளை 20 முதல் 30 டிகிரி சாய்த்தால் இரைப்பையும் ஓமெண்டமும் (குடலைப் போர்த்தும் கொழுப்புச் சவ்வு) குடலும் தானாகக் கீழே இறங்கும். இரைப்பைக்குள் காற்று இருந்தால் குழாய் போட்டு உறிஞ்சிவிடுங்கள். உப்பிய இரைப்பை கல்லீரலை மேலே தள்ளாது, நம் பார்வையைத்தான் அடைக்கும். இவ்வளவும் செய்த பிறகு மிச்சமிருக்கும் தடை மடலின் எடை மட்டுமே. அதற்குத்தான் ரிட்ராக்டர்.

எனக்கு நேதன்சன்தான் முதல் தேர்வு. போர்ட் (கருவியை நுழைக்கும் குழாய்) தேவையில்லை, டேபிளில் பூட்டினால் உதவியாளரின் கை விடுதலையாகும், களைத்துப்போன கை ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நடுங்கி கல்லீரலைக் குத்துவதும் இருக்காது. பாம்பு வகையை அகலமான, தளர்வான மடலுக்கு எடுப்பேன். முக்கோணமாக மடங்கினால் பரப்பு அதிகம், அழுத்தம் பரவும். விசிறிதான் கடைசி. விரல்களின் முனைகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியில் அழுத்துவதால், கொழுப்பு ஏறி மென்மையான கல்லீரலில் உறை எளிதாகக் கிழியும். இரண்டு விரல்களுக்கு நடுவே திசு சிக்கும் ஆபத்து வேறு.

நேதன்சனை வைக்கும் முறை: ஸ்கோப் உள்ளே போய், நோயாளியைச் சாய்த்து முடித்த பிறகுதான் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். மார்பெலும்பின் வாள் முனைக்குச் சற்றுக் கீழே, நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இடப்பக்கம். வெளியிலிருந்து விரலால் அழுத்தி, அந்தப் பள்ளத்தை உள்ளே ஸ்கோப்பில் பாருங்கள். அது ஃபால்சிஃபார்ம் லிகமெண்டின் (கல்லீரலை முன் வயிற்றுச் சுவரோடு இணைக்கும் கொழுப்புச் சவ்வு) மேல் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள். அந்தக் கொழுப்புக்குள் நுழைந்த கொக்கி நேராக நிற்காது, ரத்தமும் வரும். மடலின் கீழ் விளிம்புக்கு மேலே போய்விடாமலும் பாருங்கள். விளிம்புக்கு மேலே நுழைந்தால் கொக்கியை மடலுக்கு அடியில் கொண்டுபோக முடியாது. 5 மிமீ வெட்டு, 5 மிமீ ட்ரோக்காரால் (துளையிடும் கூர் குழாய்) வழி உண்டாக்கி அதை எடுத்துவிட்டு, அதே வழியில் கொக்கியைச் செலுத்துங்கள். தள்ளக் கூடாது, வளைவின் போக்கிலேயே மணிக்கட்டைச் சுழற்றி இறக்க வேண்டும். முனை உள்ளே தெரிந்த கணத்திலிருந்து கேமரா அதைவிட்டு நகரக் கூடாது.

உள்ளே வந்ததும் முனையை இடப்பக்கமாகத் திருப்பி மடலுக்கு அடியில் நழுவ விடுங்கள். இடது கையில் இருக்கும் கிராஸ்பரின் (திசுவைப் பிடிக்கும் கருவி) தண்டால், முனையால் அல்ல, மடலைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தால் சுலபம். கொக்கியின் வளைவுதான் மடலைச் சுமக்க வேண்டும். முனை ஹயாட்டஸுக்கு மேலே, உதரவிதானத்துக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். முனை மறைந்துவிட்டால் அது கல்லீரலுக்குள்ளோ உதரவிதானத்தின் மேலோ அழுந்திக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முன் வயிற்றுச் சுவரை நோக்கித் தூக்கிப் பூட்டுங்கள். ஹயாட்டஸின் வலது க்ரஸ் (துளையின் பக்கத் தசைத்தூண்), மேல் வளைவு, ஹிஸ் கோணம் (உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் கோணம்) மூன்றும் தெரிந்தால் போதும். இன்னும் ஒரு சென்டிமீட்டர் தூக்கினால் அழகாகத் தெரியும் என்று இழுப்பதில்தான் நசிவு ஆரம்பிக்கிறது.

நழுவுவதற்கு நான் பார்க்கும் காரணங்கள் மூன்று. கொக்கியின் அளவு சிறிது, பெரிய மடல் அதன் வெளிப்பக்கமாக வழிந்து இறங்குகிறது: பெரிய அளவுக்கு மாற்றுங்கள். டேபிள் கையின் ஒரு மூட்டு முழுதாகப் பூட்டப்படவில்லை: ஒவ்வொரு மூட்டையும் தொட்டுச் சரிபாருங்கள். மூன்றாவது, பலரும் கவனிக்காதது, நோயாளியே டேபிளில் கீழே சரிந்திருப்பார். கொக்கி டேபிளோடு பூட்டியது, உடல் அப்படி அல்ல. உடல் இரண்டு சென்டிமீட்டர் சரிந்தாலும் அசையாத இரும்பு கல்லீரலை அந்த அளவுக்கு உழும். பாதப் பலகையும் தொடைப் பட்டையும் சரியாக இருப்பது ரிட்ராக்டருக்கான ஏற்பாடுதான்.

வயிற்றை உயர்த்த ஏற்றும் வாயுவின் அழுத்தமும் இதே கணக்குதான். 12 முதல் 15 மிமீ பாதரச அழுத்தத்தில் உயர்ந்து நிற்கும் வயிற்றுச் சுவரைப் பார்த்துத்தான் கொக்கியைப் பூட்டினோம். உறிஞ்சியை நீண்ட நேரம் ஓட்டி வாயு இறங்கினால் சுவர் கீழே வரும், கொக்கி வராது. இடையில் இருக்கும் மடல் நசுங்கும். அதனால் இறுதியில் வாயுவை வெளியேற்றுவதற்கு முன்பே கொக்கியைத் தளர்த்தி எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போதும் நுழைந்த அதே வளைவில், கண் பார்வையில். எடுத்த பிறகு மடலின் அடிப்பரப்பையும் நுழைவுத் துளையையும் உள்ளிருந்து ஒருமுறை பாருங்கள். உறைக் கிழிசலில் கசிவு இருந்தால் ஒரு காஸை வைத்து ஐந்து நிமிடம் அழுத்தினாலே பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால் கிழிசலின் மேற்பரப்பில் மட்டும் காட்டரி (மின்சூட்டால் ரத்தத்தை நிறுத்துவது) அல்லது ரத்தம் உறைவிக்கும் பஞ்சு. ஆழமாகத் தையல் போட்டு மென்மையான திசுவை மேலும் கிழிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி சார். இடது முக்கோண லிகமெண்டை வெட்டி மடலை மடித்துப் பிடிப்பது இப்போதும் செய்யப்படுகிறதா? இன்னொன்று, நடுவில் ரிட்ராக்டரைத் தளர்த்த வேண்டும் என்கிறார்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை?

பதில் 1 எழுதியவர்

ஹயாட்டஸ், ஸ்லீவ் கேஸ்களில் வழக்கமாக வெட்டுவதில்லை. அந்த லிகமெண்ட் இருக்கும்வரை மடலின் மேல் விளிம்பு உதரவிதானத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், நாம் கீழ் விளிம்பை மட்டும் தூக்கினால் போதும். வெட்டிவிட்டால் முழு மடலும் நம் கருவியின் மேல் விழும். அதோடு வெட்டுக்கோட்டின் உள் முனையில் கல்லீரல் சிரையும் கீழ் உதரவிதானச் சிரையும் அருகிலேயே இருக்கின்றன.

தளர்த்துவது: 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை, சில நிமிடங்கள். ஸ்டேப்ளர் மாற்றும் நேரம், எண்டோஸ்கோப் செலுத்தும் நேரம் என்று எப்படியும் நிற்கும் இடங்களில் செய்தால் நேரம் வீணாகாது. கடிகாரத்தைவிட நிறத்தை நம்புங்கள். கொக்கிக்கு அப்பால் இருக்கும் பகுதி கருநீலமாகி வீங்கினால் அங்கிருந்து ரத்தம் திரும்பவில்லை. உடனே இறக்கிவிட்டு, நிறம் திரும்பிய பிறகு வேறு இடத்தில் வையுங்கள்.

பதில் 2: பேரியாட்ரிக் (உடல் பருமன்) அறுவை மருத்துவர்

தையல் முறை பற்றிக் கேட்டதற்கு. சிறிய அல்லது நடுத்தர இடது மடலுக்கு இது அருமையான வழி, ஒரு துளை குறையும், டேபிளைச் சுற்றி இரும்புக் கை இடிக்காது. கனத்த, கொழுப்பு ஏறிய கல்லீரலுக்கு வேண்டாம். தூக்கினாலும் நடுவில் தொய்ந்து நிற்கும், இல்லையென்றால் தையல் உள்ளே அறுத்து இறங்கும்.

தேவையானவை: 2-0 மோனோஃபிலமெண்ட் (ஒற்றை இழை) தையல், 10 முதல் 12 செமீ நீளத்தில் ஒரு பென்ரோஸ் ட்ரெய்ன் (மென்மையான தட்டை ரப்பர் குழாய்), வயிற்றுச் சுவர் வழியாக நூலை இழுக்கும் சூச்சர் பாஸர், வெளியே பிடிக்க இரண்டு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், தோலுக்கு அடியில் வைக்க மடித்த காஸ். முதலில் சிறு ஓமெண்டத்தின் (கல்லீரலையும் இரைப்பையையும் இணைக்கும் சவ்வு) மெல்லிய பகுதியைத் திறந்து வலது க்ரஸைக் காணுங்கள். அங்கே நுழைவதற்கு முன், அதற்குள் ஓடும் மாற்று இடது கல்லீரல் தமனி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இடது இரைப்பைத் தமனியிலிருந்து கிளைத்து வருவது அது. ட்ரெய்னின் நடுப்பகுதியை வலது க்ரஸின் விளிம்பில் ஒரு தையலால் நிலைநிறுத்தி, அதன் இரு முனைகளிலும் கட்டிய நூல்களை ஃபால்சிஃபார்ம் லிகமெண்டுக்கு இரு பக்கமும் வயிற்றுச் சுவர் வழியே வெளியே எடுத்தால் 'வி' வடிவம் கிடைக்கும். ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே வெளியே நூலை இழுத்து, காஸின் மேல் ஃபோர்செப்ஸால் பிடித்து நிறுத்துங்கள். முடிச்சுப் போட்டுவிட்டால் நடுவில் தளர்த்த முடியாது. நூல் மட்டும் தனியாகக் கல்லீரலில் படக் கூடாது, அழுத்தம் படும் இடம் முழுக்க ட்ரெய்ன் இருக்க வேண்டும்.

இதில் உயிராபத்தான தவறு ஒன்றே ஒன்று: ஊசியை ஹயாட்டஸுக்கு முன்னால் உதரவிதானத்தில் ஆழமாகக் குத்துவது. அந்த மெல்லிய தசைநாருக்கு அந்தப் பக்கம் பெரிகார்டியமும் (இதய உறை) இதயமும்தான். ஹயாட்டஸ் பகுதியில் மெஷ் (வலை) பொருத்த அடித்த உலோக டாக்கர்களால் (சிறு திருகு ஆணிகள்) இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டி உயிரிழப்பு நடந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. கீழ் உதரவிதானச் சிரையும் ஹயாட்டஸுக்கு முன்னால் நீலக் கோடாக ஓடும். அதனால் தடித்த க்ரஸ் தசையில் மட்டும், ஊசி எப்போதும் கண்ணில் தெரியும்படி, மேலோட்டமாக ஒரு கடி.

அறுவைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றும் உண்டு. உடல் பருமன் கேஸ்களில் இரண்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தால் கல்லீரலின் கொள்ளளவு கண்கூடாகக் குறைகிறது. தூக்க முடியாத மடல் தூக்கும்படியாக மாறுவது இதனால்தான். எந்த ரிட்ராக்டரும் இந்த இரண்டு வாரத்துக்கு ஈடாகாது.

என்சைம் பற்றி: முதல் நாள் ஏஎஸ்டி, ஏஎல்டி சில மடங்கு ஏறுவது சாதாரணம். ரிட்ராக்டர் மட்டும் காரணம் அல்ல. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் இயல்பான அழுத்தத்தைவிட நாம் ஏற்றும் வாயு அழுத்தம் அதிகம், அதனால் கல்லீரலுக்குப் போகும் ரத்தமே குறைகிறது. இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கினால் விட்டுவிடலாம். 48 மணி நேரத்துக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால், கூடவே காய்ச்சலும் வலியும் இருந்தால், கான்ட்ராஸ்ட் சிடி எடுங்கள். இடது பக்கப் பகுதி நசிந்திருக்கலாம், மேலே சொன்ன மாற்றுத் தமனி வெட்டுப்பட்டும் இருக்கலாம். இரண்டின் தோற்றமும் ஆரம்பத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

பதில் 3: தியேட்டர் ஸ்க்ரப் நர்ஸ்

டாக்டர்கள் சொன்னதில் கருவியின் பக்கம் விட்டுப்போனவை. பாம்பு ரிட்ராக்டர் என்பது கண்ணிகளை ஒரு கம்பியில் கோத்தது. பிடியில் உள்ள குமிழைத் திருகினால் கம்பி இறுகி, கண்ணிகள் ஒன்றோடொன்று பொருந்தி வடிவம் எடுக்கும். டிரேயைத் திறந்ததும் மேசையிலேயே ஒருமுறை முழுதாக இறுக்கி, முழுதாகத் தளர்த்திப் பாருங்கள். இறுக்கியபின் கண்ணிகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால், அல்லது கம்பியில் ஒரு இழை பிரிந்திருந்தால், அந்தக் கருவியை அன்று கொடுக்கக் கூடாது. உள்ளே கம்பி அறுந்தால் கண்ணிகள் வயிற்றுக்குள் சிதறும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் வெளியே வந்ததும் கண்ணிகளை எண்ணிச் சரிபார்ப்பது காஸ் எண்ணிக்கை போலவே கட்டாயம்.

இறுகிய நிலையில் போர்ட் வழியாக வெளியே இழுப்பதுதான் இது உடைவதற்கு முதல் காரணம். குமிழ் முழுதாகத் தளர்ந்துவிட்டதா என்று டாக்டரிடம் வாயால் கேட்டு, பதில் வந்த பிறகே வாங்குங்கள். வடிவம் எடுத்து நின்ற பிறகு குமிழை இன்னும் கொஞ்சம் திருகுவதால் பிடிப்பு கூடாது, கம்பிதான் நீளும்.

சுத்தம் செய்யும்போது தளர்ந்த நிலையில்தான் ஊற வைக்க வேண்டும். இறுகியிருந்தால் கண்ணிகளின் மூட்டில் ரத்தம் காய்ந்துவிடும், என்சைம் கரைசல் உள்ளே போகாது. பயன்படுத்திய உடனே ஈரமாக வைத்து, என்சைம் கரைசல், அல்ட்ராசோனிக் தொட்டி, நீர் பாய்ச்சல், உலர்த்தல் என்று வரிசை தவறாமல் செய்து, ஆட்டோகிளேவிலும் தளர்ந்த நிலையிலேயே வையுங்கள். கருவியோடு வரும் தயாரிப்பாளர் குறிப்பில் உள்ள வெப்பமும் நேரமும்தான் கணக்கு. விசிறிக்கும் இதே விதிதான், விரல்கள் விரிந்த நிலையில் கழுவ வேண்டும்.

நேதன்சனின் டேபிள் கையை ஓரத் தண்டவாளத்தில் பொருத்தும்போது நோயாளியின் கையோ விரலோ இடையில் இல்லை என்று துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். துணி போர்த்திய பிறகு இது யார் கண்ணிலும் படாது.

பதில் 4: மயக்க மருத்துவர்

சுருக்கமாக. தலைப்பக்கம் உயர்ந்து, வாயுவும் ஏறியிருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் ஏற்கெனவே குறைவு. அந்த நேரத்தில் கொக்கியின் முனை உதரவிதானத்தின் நடுப்பகுதியை மேலே தள்ளினால் இதயம் அழுந்தும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், துடிப்பு ஒழுங்கு தவறவும் செய்யும். ரிட்ராக்டரைப் பூட்டும் நிமிடத்தை எங்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பின் வரும் வீழ்ச்சிக்கு மருந்து ஏற்றுவதற்கு முன், கொக்கியை இறக்கிப் பார்ப்பதே வேகமான பரிசோதனை. சாய்வைப் படிப்படியாக ஏற்றுவதும் உதவும்.

பதில் 5: பெருங்குடல் அறுவை மருத்துவர்

கேள்வி கல்லீரலைப் பற்றியது என்றாலும், இடுப்புப் பகுதியில் இதே சிக்கல் குடலோடும் கருப்பையோடும் வருவதால் சேர்த்து எழுதுகிறேன். குடலின் மேல் எந்த விறைப்பான ரிட்ராக்டரையும் பூட்டி வைக்காதீர்கள். கல்லீரலில் உறை கிழிந்தால் ரத்தம் தெரியும். குடலில் அழுந்திய இடம் அன்று சும்மா இருந்துவிட்டு நான்கைந்து நாள் கழித்துக் கிழியும். தலைப்பக்கம் தாழ்த்தி, வலப்பக்கம் சற்றுச் சாய்த்து, சிறுகுடலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றி மேலே வலப்புறம் அனுப்புங்கள். திரும்பி வழிந்தால் பெரும்பாலும் கடைசிச் சிறுகுடலோ சீகமோ (பெருங்குடலின் தொடக்கம்) இடுப்பு விளிம்பில் ஒட்டியிருக்கும். அந்த ஒட்டலை விடுவித்தால்தான் தீரும். சிறுகுடலைத் தாங்கும் சவ்வின் வேரில் ஒரு காஸ் நாடாவை அணையாக வைக்கலாம், எக்ஸ்ரேயில் தெரியும் நூல் உள்ளதாக, பலகையில் எழுதி வைத்து. நீண்ட நேரம் தலை தாழ்ந்திருக்கும்போது உடல் மேல்நோக்கிச் சரியாமல் இருக்கத் தோளில் முட்டு வைப்பதைத் தவிருங்கள். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கூட்டம் இழுபட்டுக் கை பலமிழக்கும். வழுக்காத மெத்தை விரிப்பு பாதுகாப்பானது.

கருப்பைக்கு: சிறுநீர்ப்பையை ஃபோலி குழாயால் காலி செய்துவிட்டு, பூப்பெலும்புக்கு மேலே நேர் ஊசியில் 2-0 தையலை நுழைத்து, அகல லிகமெண்டில் (கருப்பையின் பக்கச் சவ்வு) ரத்த நாளம் இல்லாத இடத்தின் வழியே சுற்றி, அதே பக்கமாக வெளியே எடுத்து காஸின் மேல் கட்டினால் கருப்பை முன்பக்கம் தூக்கி நிற்கும். ஊசி நுழையும் கோடு கீழ் எபிகாஸ்ட்ரிக் நாளங்களுக்கு (முன் வயிற்றுச் சுவரின் ரத்த நாளங்கள்) உட்பக்கம் இருக்க வேண்டும், ஸ்கோப்பில் அவை துடிப்பது தெரியும். சிக்மாய்டு (பெருங்குடலின் கடைசி வளைவு) தொங்கினால் அதன் கொழுப்புத் தொங்கல்களில் ஒன்றில் தையல் போட்டு இடப்பக்கச் சுவருக்கு இழுக்கலாம். குடல் சுவரில் அல்ல.

பதில் 1 எழுதியவர்

ஒன்று சேர்க்கிறேன். உலோக ரிட்ராக்டர் உள்ளே நிற்கும்போது மோனோபோலார் காட்டரிக் கொக்கியின் நுனி அதைத் தொட்டால், மின்சாரம் ரிட்ராக்டர் வழியே அது தொடும் வேறு இடத்துக்குப் போகும். அந்த இடம் ஸ்கோப்பின் பார்வைக்கு வெளியே இருக்கும், தீக்காயம் யாருக்கும் தெரியாது. அல்ட்ராசோனிக் கருவியின் இயங்கும் தகடு உலோகத்தில் பட்டால் தகடு வெடித்து நுனி உடைந்து விழும். ஹயாட்டஸின் மேல் வளைவில் வேலை செய்யும்போது நேதன்சன் கொக்கியின் முனை ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும், அந்த இடத்தில் குறுகிய அழுத்தங்களாக மட்டும் காட்டரியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. பித்தப்பை கேஸில் கல்லீரலின் நான்காம் பகுதி தொங்கி மறைத்தால் இதே பாம்பு ரிட்ராக்டர் போதுமா?

பதில் 2 எழுதியவர்

போதும், ஆனால் முதலில் பித்தப்பையையே பிடியாகப் பயன்படுத்துங்கள். அடிப்பகுதியைப் பிடித்து வலது தோளை நோக்கி மேலே தள்ளினால் கல்லீரலும் கூடவே தூக்கும். பித்தப்பை இறுகி உப்பியிருந்தால் ஊசியால் உறிஞ்சிவிட்டுப் பிடியுங்கள், இல்லையென்றால் கிராஸ்பர் கிழிக்கும். பித்தப்பையின் கழுத்துப் பகுதியை மட்டும் மேலே இழுக்காதீர்கள், வலப்பக்கமும் சற்றுக் கீழாகவும் இழுக்க வேண்டும். மேலே இழுத்தால் பித்தப்பைக் குழாயும் பொதுப் பித்தக் குழாயும் ஒரே கோட்டில் வந்து, தவறான குழாய்க்குக் கிளிப் போகும். இதற்குப் பிறகும் நான்காம் பகுதி மறைத்தால் 5 மிமீ பாம்பை வாள் முனைக்குக் கீழே இருந்து செலுத்தி, வடிவத்தைக் காலியான இடத்தில் முழுதாக எடுக்க வைத்த பிறகே கல்லீரலுக்கு அடியில் கொண்டுபோங்கள்.